தவறுக்கு ஒன்று

என் மகனின் வலது கையை நான் அடித்து நொறுக்கினேன். களியக்காவிளைச் சந்தையில், காலை எட்டரை மணிக்கு, மீன் வெட்டும் கட்டையின் மேல் அவன் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் மூன்று முறை அடித்தேன். ஆத்திரத்தில் கை மீறிவிட்டது என்று பிறகு உறவினர்களிடம் சொன்னேன். அது பொய். மூன்றையும் எண்ணித்தான் அடித்தேன். அப்போது அவனுக்கு முப்பத்தாறு வயது. எனக்கு அறுபத்தாறு.

எண்ணி அடிப்பது எனக்குப் பழக்கம். அவன் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது தொடங்கியது. மாலையில் அலுவலகத்திலிருந்து வந்து குளித்து, திருநீறு பூசி, மேசை முன்னால் உட்காருவேன். அவன் எதிரே நிற்பான். வீட்டுப்பாடத்தில் எத்தனை பிழையோ அத்தனை அடி. தவறுக்கு ஒன்று. அவன் வலது கையை மேசைமேல் கவிழ்த்து வைக்க வேண்டும். நான் இடது கையால் மணிக்கட்டை அமுக்கிக்கொள்வேன். கனமான மர அடிக்கோல் ஒன்று வைத்திருந்தேன். அது விரல் முட்டிகளின் மேல் விழும். ஒரு சட்டமும் வைத்திருந்தேன்: கையை இழுத்துக்கொண்டால் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். நான்காவது அடியில் இழுத்தால் முதல் மூன்றும் வீண். ஒரே மாதத்தில் அவன் இழுக்காமல் இருக்கப் பழகிக்கொண்டான். கண்ணில் நீர் வழியும், மூக்கு ஒழுகும், கை மட்டும் மேசையில் ஒட்டிவைத்ததுபோல் இருக்கும். அதைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன். ஒழுக்கம் வந்துவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். அடுத்தவர் நிலத்தின் நான்கு எல்லைகளையும் நகல் எடுத்து எழுதுவது என் வேலை. வடக்கே இன்னாருடைய மரச்சீனித் தோட்டம், கிழக்கே ஓடை, தெற்கே பொதுவழி. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், இரண்டிலும் நல்ல கையெழுத்து. அப்பாவும் அவருடைய அப்பாவும் சர்க்கார் குமாஸ்தாக்கள். எங்கள் சைவக் குடும்பங்களில் அதுதான் வழக்கம். வேலை பிடித்திருக்கிறதா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. காலை பத்து மணிக்கே மாலை ஐந்து எப்போது வரும் என்று பார்க்கத் தொடங்கிவிடுவேன். ஐந்து மணிக்கு மேல் எனக்காக என்ன இருந்தது? வீடு, மேசை, அடிக்கோல், மகன். அந்த அரைமணி நேரத்தில்தான் என் உடம்பு முழுவதும் விழித்திருந்தது. இதை எழுத எனக்கு இத்தனை வருடங்கள் ஆயின. என் வாழ்நாளில் நான் ரசித்துச் செய்த வேலை அது ஒன்றுதான்.

அவன் பட்டதாரி ஆனான். அதன்பின் எங்கள் ஊர்களில் எல்லாப் பட்டதாரிகளும் செய்வதைச் செய்தான்: அரசுத் தேர்வு எழுதினான். எங்கள் பக்கம் அது ஒரு நோன்பு மாதிரி. கல்யாணம், வீட்டுப் பழுது எல்லாம் 'ரேங்க் லிஸ்ட்' வரட்டும் என்று காத்துக் கிடக்கும். லிஸ்டில் பெயர் வந்த பிறகும், வேலைக்கு ஆள் எடுக்கச் சொல்லும் 'அட்வைஸ் மெமோ' தபாலில் வரும்வரை காத்திருக்க வேண்டும். அவன் பதின்மூன்று வருடம் எழுதினான். கைட் புத்தகங்கள் அறையின் ஒரு சுவரை மறைத்து நின்றன. கடைசியாக ஒரு லிஸ்டில், அடிப்பக்கத்தில், அவன் எண் வந்தது. இனி எழுத வயது வரம்பு இடம் கொடுக்காது. இதுதான் கடைசி.

இடையில் களியக்காவிளையில் ஒரு டியூஷன் சென்டரில் காலை வகுப்பு எடுப்பதாகச் சொல்லியிருந்தான். எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டுப் பக்கம். ஐந்து மணிக்கு பைக்கில் போவான், மதியம் வருவான். வந்ததும் நேராகக் கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவான். அவன்மேல் எப்போதும் எலுமிச்சம்பழ வாசனை அடித்தது. ஏதோ பெண் விவகாரம், வாசனைச் சோப்புப் போடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

உண்மையை எனக்குச் சொன்னவர் என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர். எங்கள் சாதி, பக்கத்துத் தெரு. ஒரு பிரதோஷத்தன்று செங்கல் ஊர்ச் சிவன் கோயிலில் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம்.

"சாரே, உம்ம பையனுக்க கைக்கு ஒரு மோதிரம் போடணும் ஓய்" என்றார்.

"லிஸ்டுல வந்ததுக்கா? மெமோ வரட்டும்."

"மெமோ கிடக்கட்டும். நெய்மீன தாளு கணக்கால்லா வெட்டுதான்! முள்ளு ஒண்ணு நாக்குல தட்டணுமே. கேட்டீரா, நான் முப்பது வருசமாட்டு..."

அங்கே நிறுத்தினார். நிற்கும் இடம் கோயில் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நெற்றியில் இருந்த திருநீற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எனக்க மருமவன் வாங்கினதாக்கும். நான் தொடமாட்டேன்" என்றார்.

நான் நம்பவில்லை. அவர் என்னை இளக்காரம் செய்வதாக நினைத்தேன். மறுநாள் காலை, ரேஷன் கார்டைத் தேடி அவன் அறையில் புத்தகங்களை இழுத்தபோது, ஒரு பொது அறிவு கைடுக்குள்ளிருந்து மெமோவும் அதைத் தொடர்ந்து வந்த நியமன உத்தரவும் விழுந்தன. வேலையில் சேர வேண்டிய கடைசி நாள் கடந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. உத்தரவின் பின்பக்கம் பென்சிலால் ஒரு மீன் வரைந்திருந்தான். முதுகெலும்பும் துண்டங்களும் கோடு போட்டுப் பிரித்த மீன். எங்கே எங்கே வெட்ட வேண்டும் என்பதற்கான கணக்கு. அரசாங்க முத்திரை மறுபக்கத்திலிருந்து அந்த மீனின் வயிற்றில் தெரிந்தது.

பாறசாலை வழியாகப் போகும் பஸ் ஏறினேன். மனைவி வாசலில் நின்று, "எங்கோட்டு போறிய? நான் சொல்லுதத கேட்டுட்டுப் போங்க" என்று கத்தினாள். அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது அந்தக் குரலில் எனக்குத் தெரிந்தது.

மீன் சந்தைக்குள் நான் அதுவரை போனதே இல்லை. முதலில் கால்தான் வழுக்கியது. தரையெல்லாம் செதிள், ஐஸ் தண்ணீர், இளஞ்சிவப்பாக ஓடும் ரத்தம். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு பெரிய குடையின் பின்னால் நின்றேன். நான்கு கடை தள்ளி அவன் நின்றான். ரப்பர் ஏப்ரன், முழங்கால்வரை பூட்ஸ். முன்னால் புளியங்கட்டை. கடை ஒரு பொழியூர்க்காரியுடையது. கட்டையான, கறுத்த, ஐம்பது வயதுப் பெண். அவள் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க அவன் வெட்டினான்.

அடிக்கத்தான் போனேன். ஆனால் அங்கே பத்து நிமிடம் நின்று பார்த்தேன்.

ஒரு சூரை வந்தது, ஒரு கைக்குழந்தையின் கனம் இருக்கும். செவுளுக்குள் கத்தியை விட்டு ஒரே இழுப்பில் கழுத்தைத் திறந்தான். கறுத்த ரத்தம் கட்டையில் பரவியது. இரண்டு விரலால் குடலை முழுதாக உருவி, பார்க்காமலே பின்னால் இருந்த வாளியில் எறிந்தான்; சரியாக விழுந்தது. கத்தியை முதுகெலும்பில் வைத்து, வலது கையால் கொட்டாப்புளியை எடுத்துக் கத்தியின் முதுகில் ஒரு தட்டு. எலும்பு முறியும் சத்தம். மீண்டும் வைத்து மீண்டும் ஒரு தட்டு. துண்டங்கள் ஒரே கனத்தில் சரிந்து விழுந்தன.

"மக்கா, எனக்கு நடுக்கண்டம் மட்டும் தா" என்றாள் ஒருத்தி.

"எல்லாருக்கும் நடுக்கண்டம் வேணும்னா மீனுக்குத் தலையும் வாலும் என்னத்துக்கு அக்கா? தலைய கொண்டு போங்க, மாமியாருக்கு வையுங்க."

"அவளுக்க தலையே மீனுத் தல கணக்காலதான் இருக்கு" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் மகனும் சிரித்தான். வாய் முழுவதும் திறந்து, கழுத்து நரம்பு தெரிய. அவனுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

பிறகு ஒருவர் உயிரோடு இருந்த வராலைக் கேட்டார். அது கையிலிருந்து வழுக்கித் துள்ளியது. மகன் அதைக் கட்டையில் போட்டு அமுக்கி, கொட்டாப்புளியால் தலையில் ஒரு அடி அடித்தான். மீன் அடங்கிவிட்டது.

"இன்னொண்ணு போடு, துள்ளும்" என்றார் அவர்.

"ஒண்ணு போதும் அண்ணே. மொத அடி வேலைக்கு. ரெண்டாவது அடி அடிச்சா அது நமக்க கொழுப்பாக்கும்."

சாதாரணமாகத்தான் சொன்னான். என்னை நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தை என் செவிட்டில் அறைந்ததுபோல் இருந்தது. மெமோவை மறைத்தான், பொய் சொன்னான், மீனைத் தொட்டான் என்று எத்தனையோ காரணங்களைப் பிறகு எல்லோரிடமும் அடுக்கினேன். அவை எல்லாம் உண்மையே. ஆனாலும் அந்தக் குடையின் பின்னால் நின்றபோது என்னைத் தூக்கிக்கொண்டு போனது அவன் முகம். காலையில் விருப்பத்தோடு எழுந்து வேலைக்கு வந்த ஒருவனின் முகம். முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட என் முகம் அப்படி இருந்ததில்லை. ஒரு மீன் கட்டையின் முன்னால் நின்று அவன் அதை அடைந்திருந்தான். என்னால் தாங்க முடியவில்லை.

நான் போய் நின்றதும் அவன் நிமிர்ந்தான். முகத்திலிருந்த வெளிச்சம் அணைந்தது. கத்தியைக் கீழே வைத்தான்.

"கைய வை" என்றேன்.

முப்பத்தாறு வயது ஆண்மகன், என்னைவிட அரையடி உயரம், தோள் அகலம். அவன் நினைத்திருந்தால் என்னை ஒரு தள்ளில் சாக்கடையில் விழ வைத்திருக்கலாம். அவன் வலது கையைக் கட்டையின் மேல் கவிழ்த்து வைத்தான்.

நான் இடது கையால் மணிக்கட்டைப் பிடித்தேன். கொட்டாப்புளியை எடுத்தேன். மெமோவுக்கு ஒன்று. முட்டிகள் உடையும் சத்தம் சற்று முன் கேட்ட முதுகெலும்பின் சத்தத்தைப் போலவே இருந்தது. பொய்க்கு ஒன்று. ஆள்காட்டி விரல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. மீனுக்கு ஒன்று. மூன்றாவது அடியில் தோல் கிழிந்து அவன் ரத்தமும் மீன் ரத்தமும் ஒன்றாகக் கலந்தன. அவன் கையை இழுக்கவில்லை. இழுத்தால் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும் என்று இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால் நான் சொன்னது அந்தக் கைக்கு நினைவிருந்தது. என் உடம்பில் அந்தப் பழைய விழிப்பு வந்தது. அதை மறைக்க மாட்டேன். அந்த மூன்று அடிகள் விழுந்த நேரம் முழுவதும் எனக்குச் சுகமாக இருந்தது.

முதலில் அசைந்தது பொழியூர்க்காரிதான். குடல் வாளியைத் தூக்கி என் முகத்தில் ஊற்றினாள். கண் எரிந்தது. பிறகு வெறும் வாளியால் தலையில் அடித்தாள். நான் முழங்காலில் விழுந்தேன். "கொல்லப் பாக்குதான்! பிள்ளைய கொல்லப் பாக்குதான்!" என்று அவள் அலறியதும் சந்தையே வந்துவிட்டது. இடுப்பில் மிதித்தார்கள். யாரோ என் சட்டையைப் பிடித்துத் தூக்கி முகத்தில் குத்தினார்கள். முன்பல் ஒன்று உள்ளே போனது. ஒருவன் கத்தியை எடுத்துவிட்டான்.

"விடுங்க" என்றான் என் மகன். உடைந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு எனக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நின்றான். "விடுங்க அண்ணே. அது எனக்க அப்பாவாக்கும்."

குத்திய கை நின்றது.

"அப்பனா?" என்றான் கத்தி வைத்திருந்தவன். "எலே, அப்பன் செய்யப்பட்ட வேலையா இது?"

மருத்துவமனையில் அவன் சொன்னது: "கட்டை உருண்டு கையில விழுந்துச்சு." சந்தைக்காரர்கள் வேறு விதமாகச் சொல்ல, இவன் அதையே மூன்று முறை சொன்னான். கம்பி வைத்துத் தைத்தார்கள். பல மாதங்களுக்குப் பிறகு கட்டுப் பிரித்தபோது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்கவில்லை. மோதிர விரல் மடங்கினால் நிமிரவில்லை. ஒரு டம்ளரைப் பிடிக்கக்கூட முடியாத கை.

அன்று மாலை மனைவி மருத்துவமனையிலிருந்து வந்தாள். அவன் அறையிலிருந்த கைட் புத்தகங்களை மடியில் அள்ளி அள்ளி முற்றத்தில் கொண்டுவந்து போட்டாள். விறகு கீறும் வெட்டுக்கத்தியை எடுத்து, விறகுக் கட்டைமேல் ஒவ்வொன்றாக வைத்து வெட்டினாள். பதின்மூன்று வருடத்துப் புத்தகங்கள். தடித்த அட்டைகளில் கத்தி சிக்கும். காலால் மிதித்து உருவி மறுபடியும் வெட்டுவாள். உள்ளங்கை தோல் உரிந்து பிடியில் ரத்தம் வழிந்தது. நான் வாசலில் நின்று பார்த்தேன். கடைசிப் புத்தகத்தை வெட்டி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். கத்தி கையிலேயே இருந்தது. அடுத்தது நான் என்று நினைத்தேன். அவள் சொன்னாள்:

"காலையில எழும்பும்பம் சந்தோஷமாட்டு எழும்புதேன் அம்மான்னு எனக்க பிள்ளை சொன்னான். ஆறு வருசமாட்டு. நான் அத உங்ககிட்ட சொல்லாம வச்சிருந்தது எதுக்குன்னு இப்பம் தெரிஞ்சுதா?"

மறுநாள் பெட்டியோடு போய்விட்டாள். மருத்துவமனையிலிருந்து வந்த மகன் காரோடு என்ற ஊரில் ஒரு வாடகை வீடு பிடித்தான், அவனோடு இருந்தாள். நான் தனியாக ஆனேன்.

கை போனதோடு அந்த வேலையும் போச்சு, அவன் திருந்தி வீட்டுக்கு வருவான் என்று முதல் சில மாதங்கள் நினைத்தேன். இதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். என் அடியால் ஒரு நன்மை விளையும் என்றே காத்திருந்தேன். பிறகு அதே கோயில் நண்பர், இப்போது மருமகன் பெயரை இழுக்காமல், சொன்னார்: "பையன் இடது கையால வெட்டிப் பழகுதான் ஓய். நேத்து கத்தி வழுக்கி வலது கட்டவெரலு நுனி போச்சு. எடுத்துக் கட்டிட்டு மறுபடியும் நிக்கான்." வலது கையில் பிடிமானம் இல்லாததால் மீன் நழுவும், கத்தி தொடையில் இறங்கும், தையல் பிரியுமுன் அடுத்த தையல். இரண்டு வருடம் தன் உடம்பை வெட்டி வெட்டித்தான் அவன் அந்த வேலையைத் திரும்பக் கற்றுக்கொண்டான். என்னிடமிருந்து தப்பித்து எதையோ பிடித்துக்கொண்டவன் அதை விடத் தயாராக இல்லை. ஒவ்வொரு தையலும் நான் போட்டது.

அதன் பிறகுதான் எனக்குத் தூக்கம் போனது. செய்ததை எழுதி எடுத்துக்கொண்டு எங்கள் பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போனேன். நல்ல கையெழுத்தில், நான்கு பக்கம். அதிகாரி படித்துவிட்டு, சம்பவம் எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்திருக்கிறது, இங்கே எடுக்க முடியாது என்றார். அந்தப் பக்கம் போனேன். அங்கே, காயம்பட்டவர் கேரளத்தில் சிகிச்சை எடுத்து விபத்து என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், அவர் வந்து புகார் சொன்னால் பார்க்கலாம் என்றார்கள். ஒரு ஏட்டு வாசல்வரை வந்து, "பெரியவரே, வீட்டுல போய் படுத்து ஒறங்கும்" என்றார். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் நிலத்துக்கு நான்கு எல்லை எழுதியவன் நான். என் குற்றத்துக்கு எந்தப் பக்கமும் இடம் கிடைக்கவில்லை.

ஒரு தை மாதத்தில் சந்தைக்குப் போனேன். பொழியூர்க்காரி என்னைக் கண்டதும் கத்தியைக் கையில் எடுத்தாள்.

"எதுக்கு வந்தீரு? இடது கையும் வேணுமா?"

"மன்னிப்புக் கேட்க வந்தேன்."

"அது இங்க விக்கல்ல. சூரை உண்டு, சாளை உண்டு. வேணும்னா வாங்கும், இல்லன்னா நடையக் கட்டும்."

மகன் தலை நிமிரவில்லை. வலது கையின் விறைத்த விரல்களால் மீனை அமுக்கிக்கொண்டு இடது கையால் வெட்டினான். பழைய வேகம் இல்லை. ஆனால் வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டிருந்தான். பாட்டுத்தான்.

மறுநாளும் போனேன். தினமும் போனேன். கடைக்கு எதிரே, சந்தையின் கழிவுநீர்க் கால்வாய்க்கு இந்தப் பக்கம் நிற்பேன். மீன் தண்ணீரை வேண்டுமென்றே என் காலில் ஊற்றுவார்கள். ஒருவன் அழுகின சாளையை என் நெஞ்சில் எறிந்தான். "அப்பன் வந்தாச்சு, கைய ஒளிச்சு வைங்கடே" என்று கூவுவார்கள். அதெல்லாம் எனக்குச் சேர வேண்டியவை. இருபது நாள் ஆகியிருக்கும். அன்று பெரிய சூரைகள் வந்திருந்தன. இப்போது மகன் கத்தியை முதுகெலும்பில் பிடிக்க மட்டுமே முடியும். கொட்டாப்புளியால் தட்டுவது பொழியூர்க்காரி. அவளுக்குத் தோளில் பிடிப்பு. ஒவ்வொரு தட்டுக்கும் பல்லைக் கடித்தாள். நான் கால்வாயைத் தாண்டிப் போனேன்.

"நான் தட்டுறேன்" என்றேன். "நீ கத்தியைப் பிடி. நான் தட்டித் தாறேன்."

மகன் முதல் முறையாக என்னைப் பார்த்தான். கோபம் எதுவும் இல்லை. ஒரு மீனில் முள் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுபோல் பார்த்தான்.

"அந்த வேலை மட்டும் உங்களுக்கு வேண்டாம்ப்பா" என்றான். "உங்களுக்கு அதுல ஒரு ருசி உண்டு."

அவன் கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"நான் அஞ்சாங்கிளாசுலயே கண்டதாக்கும். எனக்கு இந்த வேலை பிடிச்சப்போ, ஒரு வருசம் பயந்துட்டே இருந்தேன். உங்க ருசிதான் எனக்கும் வந்துட்டோன்னு. வராலை அடிக்கும்போதெல்லாம் பாப்பேன், ரெண்டாவது அடிக்குக் கை தூக்குதான்னு. தூக்கல்ல. அப்பந்தான் நிம்மதியாச்சு."

பொழியூர்க்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகன் ஆணி அடித்த ஒரு மரப்பட்டையை எடுத்து என்னிடம் நீட்டினான். செதிள் உரசுகிற பட்டை.

"இருக்கப் பிரியமுண்டுன்னா செதிள் எடுங்க. வாலுலேந்து தலைக்கு உரசணும். அமுக்கப்பிடாது, தோலு கிழியும்."

அன்று மூன்று முறை வாந்தி எடுத்தேன். செதிள் கண்ணிமையில் ஒட்டியது. செவுள் குத்தி விரலில் ரத்தம் வந்தது. நான் உரசிய மீன்களில் பாதிக்குத் தோல் கிழிந்திருந்தது. "இது மீனா, அடிவாங்கின பிள்ளையா?" என்றாள் பொழியூர்க்காரி. யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து எவ்வளவு தேய்த்தும் நாற்றம் போகவில்லை; பஸ்ஸில் எங்கள் தெருக்காரர்கள் எழுந்து வேறு இருக்கைக்குப் போனார்கள். மறுநாள் மகன் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டையின் ஓரத்தில் வைத்தான். உள்ளே பாதியாக வெட்டிய எலுமிச்சம்பழங்கள்.

"அம்மா தந்துவிட்டது" என்றான். "கை கழுவ."

அவள் என்னோடு பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை. சென்ற ஓணத்துக்குக் காரோட்டு வீட்டின் படிவரை போனேன்; கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். பழங்கள் மட்டும் வருகின்றன. கோயிலில் என்னைப் பார்த்தால் விலகுகிறார்கள். அவர்களில் நான்கு பேர் என் மகனிடம் வாங்குகிறவர்கள் என்பது எனக்கு இப்போது தெரியும். பாத்திரத்தைத் துணியால் மூடிக்கொண்டு வருவார்கள், என்னைக் கண்டதும் வேறு கடைக்குப் போவதுபோல் நடிப்பார்கள். அந்தக் கோயில் நண்பர் மட்டும் நேராக வருகிறார். "சாரே, உம்ம கையால செதிள் எடுத்த மீனு எனக்கு வேண்டாம். பையன் எடுக்கட்டும்" என்பார்.

நான்கு வருடமாகப் போகிறேன். இந்த வேலை எனக்குப் பிடித்துவிட்டது என்று எழுதினால் படிப்பவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். பிடிக்கவில்லை. குமட்டல் நின்றிருக்கிறது, அவ்வளவுதான். ஐந்து மணிக்கு அலாரம் அடிக்கும்போது எழ மனம் வருவதில்லை. ஆனால் காலை ஏழு மணி அளவில், ஐஸ் பெட்டிகள் திறந்து, முதல் மீன் கட்டையில் விழுந்ததும், என் மகன் இடது கையில் கத்தியை எடுத்து வாய்க்குள் முனகத் தொடங்குவான். அதைக் கேட்பதற்காகப் போகிறேன். ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் அவனிடம், "இந்தக் கையோட இத்தனை கஷ்டப்படணுமா, வேற வேலைக்குப் போவப்பிடாதா?" என்று கேட்டார். அவன் என் பக்கம் பார்க்காமல், "வேற எங்க போனாலும் இத நெனச்சுட்டே இருப்பேன் அண்ணே. வறுக்கவா, குழம்புக்கா?" என்றான்.

கொட்டாப்புளி அதேதான். புளியங்கட்டையும் அதே. மூன்று பள்ளங்கள் அதில் எங்கே இருக்கின்றன என்று எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்திருந்தேன். அவன் மீனை வைக்கும்போது அந்த இடத்தைத் தவிர்ப்பதைச் சமீபத்தில்தான் கவனித்தேன். தினமும் காலையில் நான் போய் என் இடத்தில் நின்றதும் அவன் செதிள் பட்டையை எடுத்துத் தருகிறான். எலுமிச்சம்பழப் பையை என் பக்கம் நகர்த்துகிறான். பிறகு கொட்டாப்புளியை எடுத்து, எனக்கு எட்டாத தூரத்தில், தன் மறுபக்கத்தில் வைத்துக்கொள்கிறான். அதன் பிறகே கத்தியைத் தீட்டத் தொடங்குகிறான்.